வாசிப்பு வேகம், 11 பள்ளி, ஆறு சுற்று: மல்டிலெவல் மாடலில் வெட்டுத்துண்டு −28,291 என்று வருகிறது. எங்கே தப்பு?

வளமையத்துக்காரி:

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் வட்டார வள மையம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். வேலைக்கு நடுவே பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வும் நடக்கிறது. நொண்டுகிறது என்றால் இன்னும் பொருந்தும். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூலையில் மூன்றாம் வகுப்பில் இருந்த 346 பிள்ளைகள். 11 அரசு தொடக்கப் பள்ளிகள். ஒவ்வொரு பிள்ளையையும் வராந்தாவிலோ வேப்பமரத்தடியிலோ தனியாக உட்காரவைத்து, ஒரு பத்தியைக் கையில் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்லைப் பிழையில்லாமல் வாசிக்கிறது என்று நானே எண்ணினேன். செல்போனில் ஸ்டாப்வாட்ச், கையில் பென்சில். 2022 ஜூலை, டிசம்பர், 2023 மார்ச், ஜூலை, டிசம்பர், 2024 மார்ச் என்று ஆறு சுற்று. என் ஸ்கூட்டியின் பின் டயரை இதற்காகவே ஒரு முறை மாற்றியிருக்கிறேன்.

முதலில் எஸ்.பி.எஸ்.எஸ் மென்பொருளில் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா (ஒரே பிள்ளையின் பல சுற்றுச் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டேன். ஆறு சுற்றுக்கும் இருந்த 151 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மீதி 195 பேரைக் கழித்துக்கட்டிவிட்டது. எங்கள் பக்கம் பொங்கல் முடிந்தால் பல குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ கிளம்பிவிடும். பிள்ளையும் கூடவே போகும், இரண்டு மாதம் கழித்துத் திரும்பும். நான் பார்க்க நினைத்ததே அந்தப் பிள்ளைகளைத்தான். வழிகாட்டியிடம் சொன்னபோது "மல்டிலெவல் மாடல் போடுங்கள், விடுபட்ட சுற்று இருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும்" என்றார். எப்படிப் போடுவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யூடியூப் பார்த்து ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி என்று இருந்த எக்செல் தாளை, ஒரு பிள்ளையின் ஒரு சுற்றுக்கு ஒரு வரி என்று நீட்டினேன். பெயரை வைத்துப் பொருத்தப் போய், ஒரே பெண்ணை இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு பேராக ஆக்கிவிட்டேன். பிறகு பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எமிஸ் எண்ணை வைத்துச் சரிசெய்தேன். இப்போது 1,712 வரிகள். ஆரின் எல்.எம்.இ.4 தொகுப்பில் பிள்ளைக்கும் பள்ளிக்கும் தனித்தனி வெட்டுத்துண்டு (கோடு தொடங்கும் மதிப்பு), தனித்தனி சாய்வு (ஏறும் வேகம்) கொடுத்தேன். காலத்துக்கு ஆண்டையே தசமமாகப் போட்டேன்: 2022 ஜூலைக்கு 2022.5, டிசம்பருக்கு 2022.92, இப்படி.

சாய்வு 14. அதாவது ஆண்டுக்கு 14 சொல் ஏறுகிறது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் வெட்டுத்துண்டு −28,291. இதைப் பார்க்காத மாதிரி கடந்துவிட்டேன். பிள்ளைகளின் வெட்டுத்துண்டுக்கும் சாய்வுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, −1 முதல் +1 வரை) −1.00. கூடவே 'சிங்குலர் ஃபிட்' என்று ஒரு எச்சரிக்கை, மாடல் கேட்பதைத் தரவால் தாங்க முடியவில்லை என்று பொருளாம்.

அந்த −1.00-ஐ வைத்துத்தான் "தொடக்கத்தில் பின்தங்கிய பிள்ளைகளே வேகமாக முன்னேறுகிறார்கள்" என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதி, வழிகாட்டியும் படித்துச் சந்தோஷப்பட்டுவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒட்டுறவு அச்சாக −1 என்று வருமா?

இன்னும் இரண்டு சந்தேகம். 19 பிள்ளைகள் நடுவில் இந்த 11 பள்ளிகளுக்குள்ளேயே பள்ளி மாறியிருக்கிறார்கள், அவர்களை எந்தப் பள்ளியில் வைப்பது? அப்புறம், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிப்போமே, அதில் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்பதும் ஒவ்வொரு சுற்றுக்கும் என்னிடம் குறிப்பாக இருக்கிறது. அதையும் மாடலில் சேர்க்கலாமா?

அனோவா_அபிமானி:

இவ்வளவு சிக்கல் எதற்கு? கடைசிச் சுற்றிலிருந்து முதல் சுற்றைக் கழியுங்கள், அதுதான் வளர்ச்சி. அந்த வளர்ச்சிக்கும் முதல் சுற்று மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு பாருங்கள். நான் என் எம்.எட். ஆய்வில் அப்படித்தான் பார்த்தேன், எனக்கும் மைனஸில்தான் வந்தது. உங்கள் முடிவு சரிதான், தைரியமாக எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் வாத்தியார்:

டீச்சர், முதலில் ஒரு பாராட்டு. −28,291-ஐப் பார்த்துத் தூக்கம் கெட்டது நல்ல அறிகுறி. அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஆய்வேடுகளுக்கு நான் புறத்தேர்வாளராகப் போயிருக்கிறேன்.

வெட்டுத்துண்டு என்றால் என்ன? காலம் சுழியாக இருக்கும்போது பிள்ளை வாசிக்கும் சொற்கள். உங்கள் தாளில் காலம் எப்போது சுழி? 2022.5-லிருந்து பின்னாலேயே நடந்து போங்கள். கிறிஸ்து பிறந்த காலத்துக்குப் போய்ச் சேருவீர்கள். சங்கப் புலவர்கள் காலத்தில் உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசித்திருக்கும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், மாடலும் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறது. 14-ஐ 2022.5-ஆல் பெருக்கினால் 28,315. −28,291-உடன் அதைக் கூட்டுங்கள், 24 வரும். அந்த 24-தான் 2022 ஜூலையில் உங்கள் பிள்ளைகளின் உண்மையான சராசரி. சரியா?

இது வெறும் அசிங்கமான எண் என்றால் விட்டுவிடலாம். உங்கள் அத்தியாயமே இதில்தான் மாட்டியிருக்கிறது. இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். முதல் பிள்ளை ஜூலையில் 30 சொல், ஆண்டுக்கு 20 ஏறுகிறது. இரண்டாவது 18 சொல், ஆண்டுக்கு 8 ஏறுகிறது. முன்னால் இருப்பதுதான் வேகமாகவும் போகிறது, இடைவெளி கூடிக்கொண்டே போகும். இப்போது இரண்டு கோடுகளையும் பின்னோக்கி நீட்டுங்கள். 2021 ஜூலையில் இரண்டும் 10-இல் சந்திக்கும். அதற்கும் பின்னால் போனால் வரிசை தலைகீழ். உங்கள் சுழி ஆண்டில் முதல் பிள்ளை −40,420, இரண்டாவது −16,162. இரண்டாவது பிள்ளை 24 ஆயிரம் சொல் முன்னால் நிற்கிறது! கைவிசிறியைக் காம்புக்குக் கீழேயும் நீட்டி வரைந்தால் வலப்பக்கக் கம்பி இடப்பக்கம் போய்விடும் அல்லவா, அதே கதைதான். அவ்வளவு தூரம் போனபின் எந்தத் தரவுக்கும் ஒட்டுறவு −1-ஐ ஒட்டித்தான் வரும். உங்கள் பிள்ளைகளைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

சுழியை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த அந்த ஒட்டுறவு கூடிக்கொண்டே போகும், ஒருபோதும் குறையாது. ஆகவே "தொடக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் ஒட்டுறவு இவ்வளவு" என்று எழுதும்போது எது தொடக்கம் என்று சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. காலத்திலிருந்து 2022.5-ஐக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சாய்வு மாறாது. பிள்ளைகளைப் பற்றிய ஒட்டுறவு மாறும், குறி கூட மாறலாம். மாறினால் அதிர்ச்சி அடையாதீர்கள்.

அனோவா அபிமானி தம்பிக்கு: கழித்தலில் தப்பில்லை, கழித்ததை முதல் சுற்றோடு ஒப்பிடுவதில்தான் சிக்கல். ஜூலையில் ஒரு பிள்ளைக்குச் சளி, 15 சொல்தான் வாசித்தது. அதன் நிஜ நிலை 22. அடுத்த முறை சளி இல்லை. அந்த 7 சொல்லும் உங்கள் கணக்கில் 'வளர்ச்சி' ஆகிவிடும். முதல் சுற்றின் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் வளர்ச்சிக்குள் எதிர்க்குறியோடு ஒளிந்திருக்கின்றன. ஆகவே நிஜத்தில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் மைனஸ்தான் வரும். ஆறு சுற்று எடுத்த டீச்சரின் தரவில் அந்த ஒரு நாள் சளியைத் தனியே பிரித்து வைக்க முடியும். மல்டிலெவல் மாடலின் முதல் நிலை அதுதான்: சுற்று. அதற்கு மேலே பிள்ளை. அதற்கு மேலே பள்ளி. பெரும்பாலோர் பிள்ளைதான் அடிமட்டம் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். காலத்தை அளக்கும்போது ஒரு பிள்ளையே பல அளவுகளின் குடும்பம்.

தரவுக்கூலி:

வாத்தியார் பெரிய ஓட்டையை அடைத்துவிட்டார். மிச்சத்தை நான் பார்க்கிறேன். சென்னையில் பள்ளித் தரவுகளை அலசுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

சுழியைச் சரிசெய்தாலும் சிங்குலர் எச்சரிக்கை போகாது என்று நினைக்கிறேன். காரணம் பள்ளிகள். 11 பள்ளிகளை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் பள்ளி வெட்டுத்துண்டு எவ்வளவு மாறுகிறது, சாய்வு எவ்வளவு மாறுகிறது, இரண்டும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று மூன்றையும் கேட்கிறீர்கள். பதினோரு புள்ளிகளால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பள்ளியின் சாய்வை எடுத்துவிட்டு வெட்டுத்துண்டை மட்டும் விடுங்கள். 'பள்ளிக்குப் பள்ளி வளர்ச்சி வேகம் மாறவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் தரவால் அதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். பி-மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) வேண்டுமென்றால் சிறிய மாதிரிகளுக்கான கென்வர்டு–ரோஜர் திருத்தத்தோடு எடுங்கள். பள்ளி எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது சாதாரண இசட் சோதனை பொய்யான துணிச்சல் கொடுக்கும்.

அப்படியானால் பள்ளி என்ற நிலையையே தூக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 1976-இல் இங்கிலாந்தில் நெவில் பென்னட் 37 ஆசிரியர்களின் வகுப்புகளை ஒப்பிட்டு, பழைய கட்டுப்பாடான முறையில் பாடம் நடத்தினால்தான் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்றார். நாட்டையே உலுக்கிய முடிவு, செய்தித்தாள்கள் எல்லாம் கொண்டாடின. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்து 1981-இல் முர்ரே எய்ட்கினும் மற்றவர்களும் அதே தரவை மறுபடி அலசினார்கள். அந்த வேறுபாடுகள் பெரும்பாலும் கரைந்துபோயின. மறு அலசல் கட்டுரை ஒன்றில் பென்னட்டே கூட்டாசிரியராக இருந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பள்ளி மாறிய 19 பேர்: ஒவ்வொரு வரியிலும் அந்தச் சுற்றில் பிள்ளை எந்தப் பள்ளியில் இருந்ததோ அந்தப் பள்ளியின் எண்ணைப் போடுங்கள். பிள்ளை ஒரே பள்ளிக்குள்தான் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் எல்.எம்.இ.4-க்குக் கிடையாது, குறுக்கே வெட்டினாலும் கணக்குப் போடும். ஆனால் இப்படிப் போட்டால் பழைய பள்ளி கொடுத்தது மாறிய அன்றே மறைந்துவிடுகிறது என்று சொன்னதாக ஆகும். இதற்கு நேர் எதிராக, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வில்லியம் சாண்டர்ஸ் அமைத்த முறையில் பழைய ஆசிரியரின் பங்கு குறையாமல் கடைசிவரை கூடவே வரும். நிஜம் நடுவில் எங்கோ இருக்கும். 346-இல் 19 பேர்தான், உங்கள் முடிவை இது அசைக்காது. இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்து ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள்.

வராத பிள்ளைகள்தான் என் உண்மையான கவலை. மல்டிலெவல் மாடல் விடுபட்ட சுற்றை ஏற்றுக்கொள்ளும் என்று உங்கள் வழிகாட்டி சொன்னது பாதி உண்மை. பிள்ளை ஏன் வரவில்லை என்பதை, அது ஏற்கெனவே வாசித்த அளவை வைத்து விளக்க முடிந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். மார்ச்சில் வராதவர்கள் டிசம்பரில் எவ்வளவு வாசித்தார்கள் என்று எடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

மூணாப்பு டீச்சர்:

எனக்கு ஆர் தெரியாது, சாய்வும் தெரியாது. ஆனால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். அரும்பிலிருந்து மொட்டுக்கு ஒரு பிள்ளையை நான் எப்போது மாற்றுகிறேன்? அது வாசிக்க ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான். அதை வாசிப்புக்குக் காரணம் என்று நீங்கள் மாடலில் போட்டால், 'மொட்டில் இருக்கும் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள்' என்று வரும். வராமல் எப்படி இருக்கும்? நன்றாக வாசித்ததால்தானே மொட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மே மாத லீவு முடிந்து வரும் பிள்ளை ஏப்ரலில் விட்ட இடத்தில் இருக்காது. ஒரே நேர்க்கோட்டில் ஏறுகிறது என்று நீங்கள் எடுத்துக்கொண்டது எங்கள் யாருக்கும் ஒப்பாது. 2023-இல் வெயில் காரணமாகத் தொடக்கப் பள்ளிகள் ஜூன் 14-ஆம் தேதிதான் திறந்தன. உங்கள் ஜூலைச் சுற்று அதை ஒட்டியே வருகிறது.

வளமையத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

2022.5-ஐக் கழித்தேன். வெட்டுத்துண்டு 24. சாய்வு அதே 14. ஒட்டுறவு +0.34. வாத்தியார் ஐயா, நீங்கள் அதிர்ச்சி அடையாதே என்று சொல்லியும் அடைந்தேன். பின்தங்கியவர்கள் எட்டிப் பிடிக்கவில்லை, இன்னும் பின்னால் போகிறார்கள். நான்காம் அத்தியாயத்தின் தலைப்பே தலைகீழாகிவிட்டது.

பள்ளியின் சாய்வை எடுத்ததும் சிங்குலர் எச்சரிக்கை போய்விட்டது. 19 பேரை எப்படி வைத்தாலும் எண்கள் மாறவில்லை. வராத பிள்ளைகளையும் பார்த்தேன். 2024 மார்ச்சில் வராதவர்கள் முந்தைய டிசம்பரில் மற்றவர்களைவிடச் சராசரியாக 4 சொல் குறைவாக வாசித்திருக்கிறார்கள். அனோவா வைத்துக்கொண்ட அந்த 151 பேர் ஊரோடு தங்கிய, கொஞ்சம் நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் என்று இப்போதுதான் புரிகிறது.

மூணாப்பு டீச்சர் சொன்னபடி அரும்பு, மொட்டு, மலரை எடுத்துவிட்டேன். எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், வெட்கமாக இருக்கிறது. காலத்தையும் இரண்டாகப் பிரித்தேன். ஒன்று பள்ளி நடந்த மாதங்கள்: சுற்றுவாரியாக 0, 5, 8, 10, 15, 18. இன்னொன்று கோடை விடுமுறை கடந்ததா என்பது: முதல் மூன்று சுற்றுக்கு 0, பின் மூன்றுக்கு 1. பள்ளி நடக்கும் ஒரு மாதத்துக்கு 1.8 சொல் ஏறுகிறது. கோடை தாண்டியதும் 9 சொல் இறங்குகிறது. ஐந்து மாதப் படிப்பு ஒரு விடுமுறையில் போய்விட்டது! இதைத்தான் ஆய்வின் முக்கிய முடிவாக வைக்கலாம் என்று இருக்கிறேன். எழுதலாம்தானே?

ஓய்வுபெற்ற புள்ளியியல் வாத்தியார்:

எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி. ஆறு சுற்றிலும் ஒரே பத்தியையா வாசிக்கச் சொன்னீர்கள்?

வளமையத்துக்காரி:

இல்லை ஐயா. முதல் மூன்று சுற்றும் மூன்றாம் வகுப்புப் பத்தி. 2023 ஜூலையில் பிள்ளைகள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள் என்பதால் நான்காம் வகுப்புப் பத்திக்கு மாற்றினேன்.

கேட்ட பிறகுதான் உறைக்கிறது.

ஓய்வுபெற்ற புள்ளியியல் வாத்தியார்:

உறைத்துவிட்டதல்லவா, பாதி வேலை முடிந்தது. கோடையும் பத்தியும் ஒரே நாளில் மாறியிருக்கின்றன. 9 சொல்லில் எத்தனை விடுமுறையின் கணக்கு, எத்தனை பத்தியின் கணக்கு என்று எந்த மாடலாலும் சொல்ல முடியாது. எத்தனை நிலை அடுக்கினாலும் முடியாது. முழக்கோலை நடுவில் மாற்றிவிட்டுத் துணி சுருங்கிவிட்டது என்று சொல்வது மாதிரி.

நீங்கள் மட்டும் இதில் விழவில்லை, பெரிய ஆட்களும் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982-இல் டோரிஸ் என்ட்விசிலும் கார்ல் அலெக்சாண்டரும் 20 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பள்ளி நடக்கும்போது ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஏறுகிறார்கள், கோடையில்தான் இடைவெளி விழுகிறது என்பது அவர்கள் கண்டது. உலகமெங்கும் மேற்கோள் காட்டினார்கள், நானும் வகுப்பில் காட்டியிருக்கிறேன். பிறகு பால் வான் ஹிப்பல் என்பவர் அந்தத் தேர்வின் அளவுகோலையே நோண்டினார். வகுப்பு ஏற ஏற மதிப்பெண்கள் தாமாகவே விரிந்துகொண்டு போகிற மாதிரியான பழைய அளவுகோல். போதாக்குறைக்கு, கோடைக்கு முன் ஒரு வினாத்தாள், கோடைக்குப் பின் அடுத்த வகுப்பின் வினாத்தாள். மேம்பட்ட அளவுகோலில் எழுதிய வேறு தேர்வுகளை எடுத்துப் பார்த்தால் அந்தக் கோடை இடைவெளி அப்படியே திரும்பி வருவதில்லை. 2019-இல் இதை விரிவாக எழுதினார். இங்கே பால்டிமோர், அங்கே தருமபுரி, நடுவில் ஒரே ஒரு பத்தி மாற்றம்.

நம் ஊரிலேயே சரியாகச் செய்த உதாரணமும் இருக்கிறது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை கோவிட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், 2019-இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு), தமிழில் சுமார் 0.34 பின்தங்கியிருந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். இப்படித் துணிந்து சொல்ல முடிந்ததற்குக் காரணம், வெவ்வேறு வினாத்தாள்களைப் பொது வினாக்களால் கோத்து எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்ததுதான். உங்கள் பத்திகளுக்கு நடுவே அந்தப் பொது வினா இல்லை.

இதில் உங்களுக்கு வேறொரு செய்தியும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் 2020-இல் ஒன்றாம் வகுப்பு. அந்த ஆண்டு முழுக்கப் பள்ளியே இல்லை. 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் ஒன்று முதல் எட்டு வரை திறந்தார்கள். நீங்கள் அளக்கத் தொடங்கியபோது அவர்கள் பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்திருக்கலாம். முதல் ஆண்டின் வேகத்தை எல்லா ஆண்டுக்குமான வேகம் என்று எழுதாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? உங்கள் ஆய்வில் இல்லாத ஒரு பள்ளிக்குப் போங்கள். ஐம்பது அறுபது பிள்ளைகள் போதும். ஒரே நாளில் ஒவ்வொருவரையும் இரண்டு பத்தியையும் வாசிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு முதலில் மூன்றாம் வகுப்புப் பத்தி, மறுபாதிக்கு முதலில் நான்காம் வகுப்புப் பத்தி, அப்போதுதான் களைப்பும் பழக்கமும் சமமாகப் பங்கிடப்படும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பத்தியின் எடை.

இன்னொரு வழியும் உண்டு. தமிழில் 'பூ' ஒரு சொல், 'எழுதிக்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல். நான்காம் வகுப்புப் பத்தியில் நீளமான வினைச்சொற்கள் கூடுதலாக இருந்தால் சொல் எண்ணிக்கை தானாகவே இறங்கும். பிள்ளை நின்ற இடம் உங்கள் தாளில் குறிக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் சொல்லுக்குப் பதில் எழுத்தை எண்ணிப் பாருங்கள்.

அனோவா_அபிமானி:

வாத்தியார் சளி உதாரணம் சொன்னபிறகு என் எம்.எட். ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். பேசாமல் மறுபடி பீரோவில் வைத்துவிட்டேன்.

வளமையத்துக்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் மையத்தில் பயிற்சி இருந்தது.

பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் 58 பிள்ளைகளை இரண்டு பத்தியும் வாசிக்க வைத்தேன். தலைமையாசிரியர் முதலில் "ஆய்வுக்கா, இன்ஸ்பெக்‌ஷனுக்கா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளை வரிசையாக அனுப்பியதும் அவர்தான். நான்காம் வகுப்புப் பத்தியில் சராசரியாக 6 சொல் குறைவாக வாசிக்கிறார்கள். கோடைச் சரிவு 9-இல் 6 போனால் மீதி 3. இந்த 58 பேரின் கணக்கில் உள்ள ஊசலாட்டத்தையும் சேர்த்தால் அந்த 3-இன் நம்பக இடைவெளி, அதாவது நிஜ மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, சுழியைத் தாண்டிக் கீழேயும் போகிறது, மேலேயும் போகிறது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தாளில் பென்சில் கோடு இருந்ததால் 1,712 வரிக்கும் எழுத்து எண்ணினேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு, பாதியை அவள்தான் எண்ணினாள், தாளுக்கு ஐம்பது பைசா கூலி. எழுத்துக் கணக்கில் கோடைச் சரிவு பாதிக்கு மேல் காணாமல் போனது. தொடக்கத்துக்கும் வேகத்துக்குமான அந்த ஒட்டுறவு +0.34 மட்டும் எழுத்தில் எண்ணினாலும் சொல்லில் எண்ணினாலும் பெரிதாக அசையவில்லை. முதல் மூன்று சுற்றை மட்டும், அதாவது ஒரே பத்தியை மட்டும் வைத்து ஓட்டினாலும் ப்ளஸ்தான்.

நான்காம் அத்தியாயத்தை வழிகாட்டியிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். பின்தங்கியவர்கள் முன்னேறுகிறார்கள் என்ற தலைப்பு போனதில் அவருக்கு வருத்தம். "சரி, இருப்பதை எழுதுங்கள்" என்றார். கோடையைப் பற்றி ஒரு பத்திதான் எழுதியிருக்கிறேன். −28,291-ஐ அழிக்க மனம் வரவில்லை, பின்னிணைப்பில் வைத்திருக்கிறேன்.

மூணாப்பு டீச்சர்:

அந்த இரண்டு பத்தியையும் எனக்கு அனுப்ப முடியுமா? என் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பத்தியையே வரும் கோடைக்கு முன்னும் பின்னும் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். 31 பிள்ளைகள்தான். மாடல் எல்லாம் போடத் தெரியாது, நோட்டில் கோடு போட்டுக்கொள்வேன்.